பாலும் கோதுமையும் நீக்கிய காலையுணவு

கோதுமை, பார்லி, ரை என்னுந் தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம், சீலியாக் நோயுடையார்க்குச் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கின்றது. வேறு சிலர்க்குப் பாலும் ஒவ்வாது. இவ்விரண்டையும் விலக்குவோர் காலையில் யாதுண்பர்? அரிசி, உளுந்து, கேழ்வரகு ஆகியவற்றில் குளூட்டன் இல்லையாதலின், இட்டலியும் புட்டும் கேழ்வரகடையும் அவர்க்கு ஏற்றனவே. இடியாப்பத்திற்குத் தேங்காய்ப்பாலே போதும்.

எனினும் நாம் விழிப்புடனிருத்தல் வேண்டும். ரவை கோதுமையே, கடைச் சேமியாவும் பெரும்பாலும் அதுவே. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. சாம்பார் வழியே அஃது அறியாமற் புகும். வெண்பொங்கலில் நெய்யும், கூழில் மோரும் சேரும். சப்பாத்தி சுட்ட கல்லைக் கழுவாது தோசை வார்த்தலும் தீதாம்.

விடுதிப் பந்தியில் அருகமர்ந்த தோழர் ஓர் உணவை மறுப்பின், “சிறிதளவுதானே” என்று நாம் வற்புறுத்தலாகாது. அச்சிறிதளவே அவர்க்கு நோயாம்.