பொறுப்பை ஒப்பந்தத்திற்கு விடலாமா? – நைக்கி கம்பனியை முன்வைத்து ஒரு நோக்கு

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் புதுச் சப்பாத்து வேண்டுமென்று வீட்டில் கேட்பது நம்மில் பலரது வழக்கம். கடைக்குப் போனால் அளவைப் பார்ப்போம், நிறத்தைப் பார்ப்போம். பெற்றோர் விலையைப் பார்ப்பார்கள். அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று உள்ளே சிறிய எழுத்தில் பொறித்திருப்பதை வாசிப்பவர்கள் மிகச் சிலரே.

கம்பனிகளின் சமூகப் பொறுப்பு என்றதும் மரநடுகை, புலமைப்பரிசில், நன்கொடை என்பனவே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. இவை நல்லவைதான். ஆயினும் இவை கிடைத்த இலாபத்தை எவ்வாறு செலவிடுவது என்பது பற்றியவை. அந்த இலாபம் எவ்வாறு உழைக்கப்பட்டது என்பதே அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி. விளையாட்டுச் சப்பாத்துகளால் உலகெங்கும் அறியப்பட்ட நைக்கி கம்பனியின் வரலாறு இக்கேள்வியை விளங்கிக்கொள்ள நல்லதொரு பாடமாகும்.

சொந்தத் தொழிற்சாலை இல்லாத உற்பத்தி

1964ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் பில் நைட் என்பவரும் அவரது ஓட்டப் பயிற்றுநர் பில் போவர்மனும் சேர்ந்து சிறிய வியாபாரமொன்றை ஆரம்பித்தனர். ஜப்பானியச் சப்பாத்துகளை இறக்குமதி செய்து விற்பதே அவர்களது தொழிலாக இருந்தது. 1971இல் நைக்கி என்ற பெயர் வந்தது. வடிவமைப்பும் விளம்பரமும் அமெரிக்காவில் நடைபெறும்; பொருளைச் செய்வதோ ஒப்பந்த அடிப்படையில் ஆசியாவிலுள்ள பிறரது தொழிற்சாலைகள். இதுவே கம்பனியின் முறை. ஜப்பானில் கூலி உயர்ந்தபோது உற்பத்தி தென் கொரியாவுக்கும் தாய்வானுக்கும் சென்றது. அங்கும் உயர்ந்தபோது இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என நகர்ந்தது.

இம்முறையில் ஒரு வசதி இருந்தது. தொழிலாளர் நிலை பற்றி எவரேனும் கேட்டால், "அவை எமது தொழிற்சாலைகள் அல்ல" என்று பதில் கூறிவிடலாம். 1990களின் ஆரம்பத்தில் கம்பனியின் நிலைப்பாடு ஏறக்குறைய இதுவாகவே இருந்தது.

வெளிச்சத்துக்கு வந்தவை

பாகிஸ்தானின் சியால்கோட் நகரம் கையால் தைக்கப்படும் உதைபந்துகளுக்குப் பேர்பெற்றது. அங்கு சிறுவர்கள் பந்து தைப்பதை 1996இல் அமெரிக்காவின் லைஃப் சஞ்சிகை படத்துடன் வெளியிட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது.

அடுத்த ஆண்டு வியட்நாமிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஹோ சி மின் நகருக்கு அருகே நைக்கிக்குச் சப்பாத்து செய்யும் தொழிற்சாலையொன்றில் சுமார் 9,200 பேர் வேலை செய்தனர். அவர்களுள் பெரும்பாலானோர் 25 வயதுக்குட்பட்ட இளம்பெண்கள். சப்பாத்தின் மேற்பகுதியையும் அடிப்பகுதியையும் ஒட்டும் பசையில் தொலுயீன் என்ற கரைப்பான் இருந்தது. இது விரைவில் ஆவியாகும். சுவாசத்துடன் உட்சென்று நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். தொழிற்சாலையின் சில இடங்களில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய இரசாயனங்கள் அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைவிட 177 மடங்கு வரை இருந்தன என்றும், ஊழியருள் 77 சதவீதமானோருக்குச் சுவாசக் கோளாறு இருந்தது என்றும் கணக்காய்வு அறிக்கையொன்று கூறியது.

அவ்வறிக்கையை எழுதியவர்கள் கம்பனியின் எதிரிகள் அல்லர். கம்பனி தானே பணம் கொடுத்துச் செய்வித்த கணக்காய்வு அது. உள்ளே இருந்த அறிக்கை கசிந்து, 1997 நவம்பரில் பத்திரிகைக்கு வந்தபோதே உலகம் அதை அறிந்தது.

சூழல் வேறு, தொழிலாளர் நலன் வேறு என்று நாம் பிரித்துப் படிக்கிறோம். ஆனால் பசையிலிருந்து எழுந்த ஆவி காற்றையும் மாசாக்கியது, அதைச் சுவாசித்த பெண்ணையும் நோயாளியாக்கியது.

மாற்றத்தின் படிகள்

1998 மே 12ஆம் திகதி வாஷிங்டனில் பத்திரிகையாளர் முன் பேசிய பில் நைட், தமது பொருட்களின் பெயர் அடிமைக் கூலியோடும் கட்டாய மேலதிக வேலையோடும் சேர்த்துப் பேசப்படும் நிலை வந்துவிட்டதை ஒப்புக்கொண்டார். சப்பாத்துத் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்வோரின் குறைந்தபட்ச வயது 18, ஏனைய தொழிற்சாலைகளில் 16 என அறிவித்தார். தொழிற்சாலைக் காற்று அமெரிக்கத் தராதரத்திற்கு அமைய இருக்கும் என்றும் வாக்களித்தார். கரைப்பான் பசைக்குப் பதிலாக நீர் சார்ந்த பசை படிப்படியாகப் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் சம்பள உயர்வு அவ்வாக்குறுதிகளுள் இடம்பெறவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும்.

2005இல் நைக்கி தனக்காக உற்பத்தி செய்யும் 700க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அதுவரை வியாபார இரகசியமாகக் கருதப்பட்ட பட்டியல் அது. தொழிற்சாலையின் பெயர் தெரிந்தால்தான் வெளியிலிருந்து ஒருவர் சென்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

சப்பாத்தின் காற்றுப் பைகளில் அடைக்கப்பட்டிருந்த சல்பர் ஹெக்சாஃபுளோரைட்டு காபனீரொட்சைட்டைவிட 20,000 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் பச்சைவீட்டு வாயு. அதற்குப் பதிலாக நைதரசனைப் பயன்படுத்தப் பல ஆண்டுகள் ஆராய்ச்சி தேவைப்பட்டது. 2006இல் அந்த மாற்றம் நிறைவடைந்தது.

விலகிப்போவது பொறுப்பாகுமா?

இக்கதையில் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பது சியால்கோட்டில் பின்னர் நடந்ததாகும். சிறுவர் உழைப்பை ஒழிப்பதற்காக 1997இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, யுனிசெப், சியால்கோட் வர்த்தக சபை ஆகியன ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி பந்து தைக்கும் வேலை வீடுகளிலிருந்து கண்காணிக்கக்கூடிய நிலையங்களுக்கு மாற்றப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் வீட்டு வேலைகளுக்கிடையே பந்து தைத்து வருமானம் தேடிய தாய்மார் பலரால் தூரத்து நிலையங்களுக்குச் செல்ல முடியவில்லை. அவர்களது கைக்காசு நின்றுபோனது.

2006இல் தனது பிரதான விநியோகத்தர் அனுமதியின்றி வீடுகளில் பந்து தைப்பிப்பதைக் கண்ட நைக்கி, அவருடனான கொள்வனவை நிறுத்தியது. கம்பனியின் பெயர் காப்பாற்றப்பட்டது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்போ கேள்விக்குறியானது. அடுத்த ஆண்டு அதே நகரின் வேறொரு தொழிற்சாலைக்கு வேலை கொடுத்தபோது, தைப்பவர்கள் முழுநேர ஊழியர்களாக, உரிய நலன்களுடன் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது.

ஆகவே வேலையை ஒப்பந்தத்திற்கு விடலாம், பொறுப்பை விடமுடியாது. பிழை தெரிந்தபின் எழுந்து போய்விடுவதும் பொறுப்பாகாது. அங்கேயே நின்று திருத்துவதே பொறுப்பு.

இது நமக்குத் தூரத்து விடயமும் அல்ல. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது முதல், நமது நாட்டுக் கிராமங்களின் இளம்பெண்கள் உலகம் உடுத்தும் ஆடைகளைத் தைத்து வருகிறார்கள். நைக்கியின் ஆடைகள் சிலவும் இலங்கையில் தயாராகின்றன. இன்று இக்கல்லூரியில் கற்கும் மாணவிகளுள் நாளை கணக்காய்வாளர்களும் இரசாயனவியலாளர்களும் கொள்வனவு முகாமையாளர்களும் உருவாகலாம். வியட்நாம் அறிக்கை போன்றதொன்று ஒருநாள் அவர்களது மேசைக்கும் வரலாம். அதை மூடிவைப்பதா, திறந்து காட்டுவதா என்ற முடிவு அன்று அவர்களுடையதாக இருக்கும்.