ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது?

இதயச் செயலிழப்புக்காக உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர், கால் வீக்கம் வடிந்து, மூச்சு சீராகி வீடு திரும்புகிறார். மாத்திரைகளை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. ஆயினும் மூன்று, நான்கு வாரங்களில், இரவில் படுக்க இயலாத மூச்சுத்திணறலுடன் மீண்டும் அழைத்து வரப்படுகிறார். "மருந்தெல்லாம் ஒழுங்காகத்தானே கொடுத்தோம், குழம்பில்கூட உப்பைக் குறைத்துவிட்டோமே" என்று உடன் வந்தவர்கள் கலங்குகின்றனர். உணவைப் பற்றிப் பொறுமையாகக் கேட்கும்போதுதான், காலையில் பழைய சோற்றுடன் ஊறுகாய், மதியம் அப்பளம், மாலையில் மிக்சர், இரவு தயிர்ச் சோற்றுக்கு மோர் மிளகாய் என்று ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

இத்தகைய உரையாடல்கள் எங்களுக்குப் புதியவை அல்ல. மீண்டும் நோய் முற்றுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வீட்டிலேயே தடுக்கக்கூடிய காரணங்களுள் உப்பு முதன்மையானது. குடும்பத்தினர் அக்கறையின்றி இருந்ததால் இது நேர்வதில்லை; உப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியாததால் நேர்கிறது. அதனை அளந்தறியும் எளிய வழியை இக்கட்டுரையில் காண்போம்.

உப்பு உடலில் செய்வது என்ன?

சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். நரம்புகளும் தசைகளும் இயங்கச் சோடியம் இன்றியமையாதது. ஆனால் தேவைக்கு மேல் சேரும் சோடியம் தன்னுடன் நீரையும் உடலில் தேக்கி வைக்கிறது. இரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது. இரத்தக் குழாய்களின் சுவர்மீது அழுத்தம் ஏறுகிறது. நலமான சிறுநீரகம் மிகுதியைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இயலாது. இதயம் தளர்ந்தவர்களுக்கோ, தேங்கிய நீர் காலிலும் நுரையீரலிலும் சேர்கிறது. நீரை வெளியேற்றுவதற்காக மருத்துவர் தரும் மாத்திரையின் பயனையும் மிகுதியான உப்பு குறைத்துவிடுகிறது.

எவ்வளவு போதும்?

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமானது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இது ஒரு தேக்கரண்டி அளவு. சிறுவர்களுக்கு இதனினும் குறைவு.

சமைக்கும்போது கையால் அள்ளிப் போடும் உப்பை எவர் நிறுத்துப் பார்க்கிறார்கள்? ஆகவே பொட்டலத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். நால்வர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் 100 நாள். புதிய பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மீதே எழுதி வையுங்கள்; தீரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் உப்பும் தூள் உப்பும் வாங்குவோர் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நால்வர் வீட்டில் அது 25 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு ஏறத்தாழ 10 கிராம், அதாவது வரம்பைப் போல் இரு மடங்கு செலவாகிறது. வடித்த கஞ்சியோடு போவது, விருந்தினருக்குச் சமைப்பது ஆகியவற்றைக் கழித்தாலும் கணக்கு பெரிதும் மாறாது. கடையில் வாங்கும் ஊறுகாயும் பலகாரமும் உணவக உணவும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நாக்குக்குத் தெரியாத உப்பு

ஊறுகாய், கருவாடு, வடகம், மோர் மிளகாய் ஆகியவற்றில் உப்பு மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. அறியாதவை வேறு சில உண்டு. அப்பளத்தில் சேரும் அப்பளக்காரம், பலகாரங்களிலும் ஆப்பத்திலும் சேரும் சமையல் சோடா, துரித உணவில் சேரும் அஜினோமோட்டோ ஆகிய மூன்றும் சோடியம் கொண்டவை. ரொட்டி, பிஸ்கட், சோயா சாஸ், உடனடி நூடுல்ஸ், சூப்பு தூள் ஆகியவையும் அவ்வாறே. நீரில் பொங்கிக் கரையும் மாத்திரைகள், வயிற்று எரிச்சலுக்கான பொங்கும் தூள்கள் ஆகியவற்றிலும் சோடியம் உண்டு.

பொட்டல உணவுகளின் மீது சோடியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால், அதில் 3 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் வரம்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு பொட்டலத்திலேயே முடிந்துவிடும்.

இந்துப்பு நல்லதா? மாற்று உப்பு நல்லதா?

இவ்விரு கேள்விகளும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகின்றன. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை அது சாதாரண உப்புக்கு மாற்று ஆகாது. அயோடின் சேர்க்கப்படாததாகவும் இருக்கக்கூடும்.

'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுவது வேறு வகை. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து, 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், இத்தகைய உப்பைப் பயன்படுத்தியவர்களிடையே பக்கவாதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே ஆபத்து நேரலாம். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றும் இயல்புடையவை. ஆகவே மருத்துவரைக் கேளாமல் மாற்று உப்பை வாங்க வேண்டாம்.

வீட்டில் தொடங்குவது எப்படி?

• காலையில் அன்றைய உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்து, அதிலிருந்து மட்டுமே எடுங்கள். நால்வருக்கு நான்கு தேக்கரண்டி என்பது உச்ச அளவு. வெளி உணவு உண்டென்றால் அதற்கேற்பக் குறைத்து வையுங்கள்.

• சோறு, சப்பாத்தி மாவு, தயிர், மோர், கொய்யா, மாங்காய் ஆகியவற்றுக்கு உப்பு வேண்டாம். குழம்பிலும் பொரியலிலும் உள்ளதே போதும்.

• உணவு மேசையில் உப்புக் கிண்ணம் வைக்காதீர்கள்.

• மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, சில துளி எலுமிச்சைச் சாறு ஆகியவை உப்பின் குறையை ஈடுசெய்யும்.

• ஒரே நாளில் பாதியாக்காமல் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழைய அளவே பின்னர் கரிக்கும்.

நோயாளிக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் உப்பில்லாமல் சமைப்பது பெரும்பாலும் நீடிப்பதில்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழகிய நாக்கு அது. மற்றவர்கள் ஊறுகாயுடன் உண்ண, தாம் மட்டும் சப்பென்ற சோற்றை உண்பவர், நாளடைவில் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறார். அல்லது மறைவாக ஊறுகாயைத் தேடுகிறார். வீடு முழுவதும் உப்பைக் குறைத்தால் அவரும் தனித்து நிற்க வேண்டியதில்லை; பிள்ளைகளின் பிற்கால இரத்த அழுத்தத்துக்கும் அது காப்பாகும்.

கவனிக்க வேண்டியவை

உப்பை அறவே நிறுத்திவிடாதீர்கள். நீரை வெளியேற்றும் மாத்திரை உட்கொள்ளும் முதியோருக்குச் சோடியம் மிகவும் குறைந்து தள்ளாட்டமும் மனக்குழப்பமும் ஏற்படலாம். உங்களுக்குரிய அளவை மருத்துவரும் உணவியல் வல்லுநருமே கூறுவர்.

இதய நோயாளிகள் நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பன்று, தேங்கிய நீர். கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ வரும்வரை காத்திராமல் உடனே எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். மூச்சுத்திணறல் கடுமையானால் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, மாத்திரைச் சீட்டுடன் எடைக் குறிப்பையும், உப்புப் பொட்டலத்தைப் பிரித்த தேதியையும் கொண்டு வாருங்கள். எங்கே குறைக்கலாம் என்பதை உங்களுடன் அமர்ந்து கணக்கிடுவோம்.