சபுர் முடிந்தது: இனி எந்த ஊரில் குடியிருப்பது?



நம் வீடுகளில் ஒரு கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. வாப்பா சபுர் முடித்து வருகிறார். வயது ஐம்பதோ ஐம்பத்தைந்தோதான். கம்பெனியில் ஆள் குறைத்திருக்கலாம். உடம்பு ஒத்துழைக்காமல் போயிருக்கலாம். போதும் என்று அவரே முடிவெடுத்தும் இருக்கலாம். இனி எங்கே குடியிருப்பது? சொந்த ஊரிலா, மகன் வேலை பார்க்கும் சென்னையிலா, கடைசிப் பிள்ளையின் படிப்புக்காகத் திருச்சியிலா, மதுரையிலா?

பல குடும்பங்களில் இதற்கு உட்கார்ந்து பேசி விடை காண்பதில்லை. மனை எங்கே வாங்கிப் போட்டோமோ அங்கே வீடு எழும்புகிறது. வீடு எழும்பிய இடமே ஊராகிவிடுகிறது. சம்பாத்தியத்தின் பெரும்பகுதி செங்கலும் சிமெண்டுமாக மாறிய பிறகுதான் 'இந்த இடம் நமக்குச் சரிப்படுமா' என்று யோசிக்கிறோம். அப்போது பின்வாங்க வழியில்லை. ஆகவே, முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஆண்டுக் கணக்கு

ஐம்பத்திரண்டு வயதில் திரும்பும் ஒருவருக்கு, அல்லாஹ் நாடினால், இன்னும் இருபது இருபத்தைந்து வருட வாழ்க்கை இருக்கிறது. அவருடைய இல்லத்தாளுக்கு அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது; கையில் வருவது சர்வீஸ் பணம்தான். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருடம் ஒன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹமாக 20 வருடம் வேலை பார்த்தவருக்கு 55,500 திர்ஹம் வரும். ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சத்து 76 ஆயிரம் ரூபாய்.

கேட்க நல்ல தொகைதான். ஆனால் விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்று 30,000 ரூபாயில் நடக்கும் வீட்டை 12 வருடம் கழித்து நடத்த 60,000 வேண்டும். 24 வருடம் கழித்து 1,20,000. ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது 'இங்கே வீடு கட்ட எவ்வளவு ஆகும்' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இங்கே மாதம் எவ்வளவு ஆகும், அது எங்கிருந்து வரும்' என்றும் கேட்க வேண்டும். வட்டியைத் தவிர்க்கும் குடும்பத்துக்கு வங்கி வைப்பு என்ற வழியும் இல்லை. வாடகை வரும் கடையோ, சிறு தொழிலோ, பிள்ளையின் உதவியோதான் வழி. அந்த வழி எந்த ஊரில் திறந்திருக்கிறது என்பதும் ஊர்த் தேர்வில் அடங்கும்.

விடுமுறையில் பார்த்த ஊர்

சபுராளி பார்க்கும் ஊர் நாற்பது நாள் ஊர். வாசலில் உறவுகள், கல்யாண வீடுகள், பெருநாள் கூட்டம். அவர் வருகிறார் என்பதாலேயே ஊர் அப்படி இருக்கிறது. நிரந்தரமாக வந்தபின் மூன்றாவது மாதத்தில் அந்த ஊர் இருக்காது. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தெருவில் அவர் வயது ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பாதிப்பேர் இன்னும் சபுரில் இருப்பார்கள்; மீதிப்பேர் கடையில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்? சித்திரையில் குடிதண்ணீர் லாரியில் வருமா, குழாயில் வருமா? இதெல்லாம் விடுமுறையில் வந்தவருக்குத் தெரியாது; இங்கேயே இருந்த அவர் வீட்டாருக்குத் தெரியும்.

அதனால்தான் முடிவை வாப்பா ஒருவரே எடுக்கக் கூடாது என்கிறோம். கலந்தாலோசனை என்ற பொருளில் 'அஷ்ஷூரா' என்று ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. மஷூரா பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மட்டும் உரியதல்ல, அடுப்படிக்கும் உரியது.

யாருடைய ஊர்?

நம் குடும்பங்கள் இரண்டு வகை. முதல் வகையில், ஆண் மட்டும் சபுரில் இருந்தார். இல்லத்தாள் இருபது இருபத்தைந்து வருடம் ஊரிலேயே இருந்து பிள்ளைகளை வளர்த்தார். அண்டைவீட்டுப் பெண்கள், பெண்கள் மதரஸா, ராத்தா வீடு, அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர், கடன் சொன்னால் தரும் கடைக்காரர் என்று அவருக்கு ஓர் உலகம் இருக்கிறது. மகனுக்கு வசதி என்று அவரைச் சென்னை அடுக்குமாடியின் நாலாவது மாடிக்குக் கொண்டுபோனால் அந்த உலகம் முழுதும் ஒரே நாளில் போய்விடும். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனபின் பேச்சுத்துணைக்கு யார்?

இரண்டாம் வகையில், குடும்பமே வளைகுடாவில் இருந்தது. சவூதியில் 2017 ஜூலை முதல் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வந்தது. அது வருடம்தோறும் நூறு நூறாக ஏறி 2020-இல் 400 ரியாலானது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1,600 ரியால். அதைத் தாங்க முடியாமல் பல குடும்பங்கள் அவசரமாகத் திரும்பி, பள்ளிக்கூடம் கிடைத்த நகரத்தில் குடியேறின. அந்தப் பிள்ளைகளுக்கு வாப்பாவின் ஊர் பெருநாளைக்குப் போகும் ஊர் மட்டுமே. 'நம்ம ஊர்' என்று வாப்பா சொல்வது அவருக்குத்தான் ஊர். இந்தக் குடும்பத்துக்குப் பழகிப்போன நகரமே பொருத்தமாக இருக்கலாம்.

ஆக, எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. ஆனால் ஒரு கேள்வி எல்லோருக்கும் பொது: ஆண் இல்லாமல் போன பிறகு, அவருடைய இல்லத்தாள் தன் கடைசிப் பத்து வருடத்தை எந்த ஊரில், எந்த வீட்டில், யார் பக்கத்தில் கழிப்பார்? கணவர் மூத்தவர், மனைவி இளையவர் என்பதே நம் வீடுகளின் வழக்கம். நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் வீடும் அதுதான். அந்த நாளை மனத்தில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால் மற்ற பல கேள்விகளுக்குத் தானாக விடை கிடைக்கும்.

வீடு யார் பெயரில்?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்ணுக்குப் போவது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவார். அங்கே 'ஓய்வுக்காலத்துக்கு வீடு கட்டுகிறேன்' என்று வாப்பா சொன்னாலும், அது உண்மையில் மகளுக்கான வீடாகவே முடிகிறது. இரண்டாவது மகளுக்கு இன்னொரு வீடு வேண்டும். கடைசியில் பெற்றோர் எந்த வீட்டில் எந்த அறையில் இருப்பார்கள் என்பதை யாரும் வாய்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். பேச வேண்டும்.

வேறு ஊரில் கணவர் பெயரில் மட்டும் வீடு வாங்கினால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. பெற்றோர் முன்பே மவுத்தானவர். அவருக்கு மனைவி, இரண்டு பெண்மக்கள், ஒரு சகோதரர். ஆண்பிள்ளை இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 48 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 6 லட்சம். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, 32 லட்சம். மீதி 10 லட்சம் சகோதரருக்கு. பங்கீடு அல்லாஹ் விதித்தது. அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேறு சொத்து இல்லாமல் எல்லாப் பணமும் இந்த ஒரே வீட்டில் இருந்தால், பங்கு பிரிக்க வீட்டையே விற்க நேரிடும். மனைவி 6 லட்சத்துடன் வெளியே நிற்பார்.

இதற்கு ஹலாலான வழிகள் உண்டு. கொடுக்காமல் நிற்கும் மஹர் கணவர் மீதுள்ள கடன். பங்கீட்டுக்கு முன் அதை அடைக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே, நல்ல சுகத்தில், கைவசம் ஒப்படைத்து ஹிபா செய்யலாம். மனைவியின் நகையை விற்ற பணம் வீட்டில் இருந்தால் அந்த அளவுக்கு அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பதே நியாயம். பிள்ளைகளில் யாருக்கும் அநீதி வராதபடி ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டுச் செய்யுங்கள்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

ஐம்பது வயதில் இது பெரிதாகத் தோன்றாது. அறுபத்தைந்தில் இதுதான் முதல் கேள்வி. மூளையில் ரத்தம் கட்டிப் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 17 கிலோமீட்டர். அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரைக்குப் போவதென்றால் ராமநாதபுரத்திலிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதிராம்பட்டினத்துக்குத் தஞ்சாவூர், காயல்பட்டினத்துக்குத் திருநெல்வேலி, இரண்டும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். சிறுநீரகக் கோளாறில் டயாலிசிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று முறை போய்வர வேண்டும். வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தத் தூரத்தை ஒருமுறை இரவு நேரத்தில் வண்டியில் போய் அளந்து பாருங்கள்.

கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை தரும் ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஐம்பது வயதுக் குடும்பம் தனக்கென ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். தனியார் காப்பீட்டில் முன்பே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதன் மார்க்க நிலையை ஆலிமிடம் கேட்டு, எடுப்பதானால் தாமதிக்காமல் எடுங்கள்.

அண்டைவீடும் ஜமாஅத்தும்

வீட்டுக்கு முன் அண்டைவீட்டாரைப் பார் என்று அரபியில் பழமொழி உண்டு. புதிய நகரத்தில் பள்ளிவாசல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா? முழங்கால் வலி வந்தபிறகும் நடக்க முடியுமா? அந்த ஜமாஅத் வெளியூர்க்காரரைச் சேர்த்துக்கொள்கிறதா? பெயர் சேர்த்துச் சந்தா கட்டாமல் பத்து வருடம் இருந்துவிட்டு, மகளின் நிக்காஹ் தப்தருக்கோ மையவாடிக்கோ திடீரெனப் போய் நின்றால் சங்கடம்தான். குடிபோன மாதமே பெயரைச் சேர்த்துவிட வேண்டும்.

முதலில் வாடகை, பிறகு பத்திரம்

தமிழ்நாட்டில் வீடு வாங்க முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்து மதிப்பில் 9 சதவீதம் ஆகிறது. 50 லட்சம் வீட்டுக்கு நாலரை லட்சம். இடம் பிடிக்கவில்லை என்று விற்றால் அந்தப் பணம் திரும்பாது. அதே நாலரை லட்சம் மாதம் 15,000 ரூபாய் வாடகையில் இரண்டரை வருடத்துக்கு வரும். ஆகவே புது ஊர் என்றால் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை, ஒரு ரமளான் அங்கே கழியட்டும். அதுவரை சொந்த ஊர் வீட்டை விற்க வேண்டாம். சொந்த ஊருக்கே திரும்புவதானாலும் முதல் வருடத்தில் புது மாடி எழுப்ப வேண்டாம்; இருக்கிற வீட்டில் இருந்து பாருங்கள்.

குடும்பமாக உட்கார்ந்து பேச ஆறு கேள்விகள்

1. இந்த ஊரில் நம் மாதச் செலவு எவ்வளவு? அது எங்கிருந்து வரும்?
2. வாப்பா இல்லாத காலத்தில் உம்மா இங்கே தனியாக இருக்க முடியுமா?
3. வீடு யார் பெயரில்? நாளை பங்கு பிரித்தால் உம்மாவுக்குக் கூரை இருக்குமா?
4. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? யார் கூட்டிப்போவார்?
5. வாப்பா தினமும் காலையில் எழுந்து செய்ய இங்கே என்ன வேலை அல்லது பொறுப்பு இருக்கிறது?
6. சரிப்படாவிட்டால் திரும்பிவர வழி இருக்கிறதா?

இந்த ஆறில் இரண்டாவது கேள்விக்கு உம்மாவே முதலில் பதில் சொல்லட்டும். மற்றவர்கள் அவர் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கட்டும். பேசி முடித்து, இஸ்திகாரா தொழுது, அதன்பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். சபுரில் கழிந்த வருடங்களின் பலனை அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நிம்மதியான இல்லமாக ஆக்கித் தருவானாக. ஆமீன்.