செக் என்ஜின் விளக்கு எரிகிறதா?

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களில் ஓபிடி-2 போர்ட் கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள இதில் புளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் அதற்கான அப்ளிகேஷனைத் திறந்தால் பிழை எண் கிடைக்கும்.

பி0455 என்றால் பெட்ரோல் ஆவி பெரிய அளவில் கசிகிறது. பி0442 சிறு கசிவு. பி0456 மிகச் சிறியது; அரை மில்லிமீட்டர் துளை போதும்.

நான் முதலில் பார்ப்பது டேங்க் மூடி. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றவும். அடுத்து பர்ஜ் வால்வ். என்ஜின் ஓடும்போது அதன் மின் இணைப்பையும் டேங்க் பக்க ஹோஸையும் கழற்றி, வாயில் விரல் வைக்கவும். உறிஞ்சினால் வால்வ் சரியாக மூடவில்லை. இரண்டும் சரியென்றால் மெக்கானிக்கிடம் புகைச் சோதனை செய்யவும்.

பழுது நீக்காமல் எண்ணை அழிக்க வேண்டாம். சுயசோதனைப் பதிவுகளும் அழிந்து, மாசு ஆய்வில் கார் தேறாமல் போகலாம். பெட்ரோல் வாடை அடித்தால் காரை ஓட்டவே கூடாது.