சீனத்தில் குடியமரும் குடும்பம்: முஸாஃபிரா, முகீமா?

பிழைப்பை நாடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. முன்னோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். அவர்களுக்குப் பின் வந்தோர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். இப்போது சீன தேசமும் அந்த வரிசையில் சேர்ந்துள்ளது. குவாங்சோ நகருக்கும் ஈவூ சந்தைக்கும் சரக்குப் பிடிக்கச் சென்று திரும்பிய வணிகர்களில் சிலர், மனைவி மக்களையும் அழைத்துச் சென்று அங்கே வீடெடுத்துத் தங்குகின்றனர். உத்தியோகத்தின் பொருட்டுச் செல்லும் குடும்பங்களும் உண்டு.

வளைகுடாவுக்குச் செல்பவர் காதில் ஐவேளையும் பாங்கொலி விழும். கடையில் வாங்கும் இறைச்சியைப் பற்றி அங்கு அவர் விசாரிக்க வேண்டியதில்லை. சீனத்தில் குடியேறுபவருக்கு இவ்விரண்டு வசதியும் இல்லை. தொழுகை நேரத்தைத் தாமே அறிய வேண்டும். உண்ணும் கவளத்தைத் தாமே விசாரிக்க வேண்டும். இந்தச் சிரமத்தைக் கண்டு மலைத்தவர்கள், "நாம் இங்கே பிரயாணிகள்தாமே! ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து கொள்வோம்" என்று மனத்தைத் தேற்றிக் கொள்வதுண்டு. நாம் ஆராய விரும்புவது இந்த ஆறுதலைத்தான். இது மார்க்கத்தில் செல்லுமா?

முகீம் ஆவது எப்போது?

பிரயாணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். ரமளான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். ஆனால் அச்சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. சென்ற ஊரில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்கு நாட்கள் தங்க எண்ணியவர் ஷாஃபிஈ மத்ஹபின்படி முகீம், அதாவது ஊரில் தங்கியவர் ஆகிவிடுகிறார். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்கும் எண்ணம் அந்த எல்லையாகும். ஆறு மாதமோ இரண்டு வருடமோ தங்கும் எண்ணத்தோடு வீடெடுத்த குடும்பம், எந்த மத்ஹபின்படி பார்த்தாலும், முஸாஃபிர் அன்று.

இதற்கு நாட்டுச் சட்டமே ஒரு சாட்சியாக நிற்கிறது. ஓட்டலில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டார் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும் என்பது சீனச் சட்டம். நெடுநாள் தங்கும் விசாவில் வந்தவர்கள் 30 நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "நான் இங்கே குடியிருக்க வந்தவன்" என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவர், தொழுகைப் பாயில் மட்டும் பிரயாணியாக நிற்பது எப்படிப் பொருந்தும்?

குவாங்சோவில் குடியிருக்கும் குடும்பத் தலைவர் கொள்முதலுக்காக, ஆயிரம் கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள ஈவூவுக்குச் சென்று இரண்டு நாட்களில் திரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பயணத்தில் அவர் முஸாஃபிர், கஸ்ர் செய்யலாம், ஷாஃபிஈயாக இருப்பின் இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்து ஜம்உவும் செய்யலாம். வீட்டிலிருக்கும் மனைவி மக்களோ முழுமையாகவே தொழ வேண்டும்.

நேரமும் திசையும்

1949 முதல் சீனம் முழுவதற்கும் ஒரே கடிகார நேரம்தான். தேசமோ கிழக்கு மேற்காக மிகப் பரந்தது. எனவே குவாங்சோவில் ஆண்டு முழுவதும் சுமார் 12.10 முதல் 12.40 மணிக்குள் சூரியன் உச்சி சாய்கிறது. மேற்கேயுள்ள உரும்சியில் அதே உச்சிப்பொழுது பிற்பகல் 2 மணியை ஒட்டி வருகிறது. ஒரு நகரின் அட்டவணையை வைத்துக் கொண்டு மற்றொரு நகரில் தொழலாகாது.

வடக்கே செல்லச் செல்லப் பருவத்துக்குப் பருவம் நேரம் வெகுவாக மாறும். பீஜிங்கில் ஜூன் மாதம் காலை 4.45 மணியளவில் சூரியன் உதித்து, மாலை 7.45 மணியளவில் மறைகிறது. டிசம்பரிலோ காலை 7.30க்கு உதித்து, மாலை 4.50க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் "அஸர் என்றால் மாலை நாலரை" என்று இருந்துவிட்டால், அங்கே குளிர்காலத்தில் மஃரிபு நெருங்கிவிடும். தாம் குடியேறிய நகருக்குரிய ஓராண்டு அட்டவணையைப் பெற்று அடுப்பங்கரைச் சுவரிலே ஒட்டி வைப்பது வீட்டாரின் முதற்கடமை.

கிப்லாவைப் பொறுத்தவரை நம்மவருக்கு எளிது. சென்னையில் நாம் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்காகத் திரும்பி நிற்கிறோம். குவாங்சோவிலும் ஈவூவிலும் அது சுமார் 15 பாகை. பீஜிங்கில் சுமார் 9 பாகை. கிழக்கே அத்தனை தூரம் சென்ற பின்னும் முகம் மேற்கையே நோக்குகிறது. சீனத்தில் பெரிய கட்டடங்களைத் தெற்கு நோக்கிக் கட்டுவதே பழைய மரபு. ஆயினும் சியான் நகரத்துப் பெரிய பள்ளிவாசல், வெளித் தோற்றத்தில் முழுக்கச் சீனக் கட்டடமாயிருந்தும், கிழக்கு மேற்காக அமைந்து கிப்லாவை நோக்கி நிற்கிறது. குடியேறிய குடும்பத்துக்கு அதுவே ஒரு பாடம். வெளித் தோற்றம் ஊரோடு ஒத்திருக்கலாம், திசை மாறலாகாது.

அலுவலகம் செல்வோர் கவலை கொள்ள வேண்டியதில்லை. சீன அலுவலகங்களில் நண்பகல் உணவு இடைவேளை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிடைப்பது வழக்கம். கிழக்குப் பகுதி நகரங்களில் லுஹர் அதற்குள் அடங்கும். வேலை நெருக்கடி என்பதற்காக உள்ளூரிலிருந்தே அன்றாடம் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதை நம் மத்ஹபுகள் ஏற்பதில்லை.

அடுப்பங்கரை

வீட்டு ஹலாலைக் காப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே. அவர் முதலில் அறிய வேண்டிய சொல் "ரோ" என்பது. அதற்கு இறைச்சி என்று பொருள். ஆனால் சீன உணவுப் பட்டியலில் வெறுமனே "ரோ" என்றிருந்தால், அது பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். மாட்டிறைச்சி "நியூ ரோ", ஆட்டிறைச்சி "யாங் ரோ", பன்றி "ஜூ ரோ". பன்றிக் கொழுப்பு "ஜூ யோ" எனப்படும். அது காய்கறி வதக்கலிலும் இனிப்புப் பண்டத்திலும் கலந்திருக்கலாம். "லியாவ் ஜியோ" என்பது சமையலில் ஊற்றும் ஒருவகை மது. காய்கறிதானே என்று கேளாமல் வாங்கி உண்பது பேணுதல் ஆகாது.

ஹலால் கடைக்குச் "சிங் ஜென்" என்று பெயர். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். முன்பு பல கடைகளில் அரபி எழுத்தும் இருந்தது. 2019ஆம் ஆண்டு பீஜிங்கில் கடைப் பலகைகளிலிருந்து அரபி எழுத்தை அகற்றும்படி அதிகாரிகள் உத்தரவிட்டனர். ஆதலின் சீன எழுத்தையே கண்ணுக்குப் பழக்கிக் கொள்ள வேண்டும். அந்த இரண்டு எழுத்துக்களில் முதலெழுத்தின் இடப்புறம் நீர்த்துளிகள் போல மூன்று சிறு கீற்றுகள் இருக்கும். சிங்ஹாய், கான்சு பகுதிகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் நடத்தும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் நகரந்தோறும் உண்டு. மாவைக் கையால் இழுத்து இழைகளாக்கி, சூடான ஆணத்தில் இட்டுத் தருவார்கள். எனினும் ஹலால் பற்றி நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் சீனத்தில் இல்லை. பலகையைக் கண்டபின்னும், நடத்துபவர் முஸ்லிம்தானா என்று ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

சந்தைகளில் தொட்டியில் உயிரோடு நீந்தும் மீன் கிடைக்கிறது. இறைச்சி கிடைக்காத ஊரில் அது பெரிய அருட்கொடை. கடல்வாழ் உயிரினங்களில் பெரும்பாலானவற்றை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபில் மீனினம் மட்டுமே ஆகும். இரு மத்ஹபினரும் ஒரே வீட்டில் உண்பதாயின் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு செய்தி. வாடகை வீட்டில் வாணலியும் வெட்டுப் பலகையும் முன்பே கிடக்கும். பன்றியின் ஈரம் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். இதற்கு எளிய வழி, பழைய வாணலியையும் பலகையையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் புதியவை வாங்குவதே.

பள்ளிவாசலும் நாட்டுச் சட்டமும்

சீனத்தில் முஸ்லிம்களாக அறியப்படும் இனத்தார் பத்து வகையினர். 2020 கணக்கெடுப்பின்படி ஹுய் இனத்தார் மட்டுமே ஒரு கோடியே 13 லட்சத்துக்கு மேல். குவாங்சோவின் ஹுவாய்ஷங் பள்ளிவாசல் மிகப் பழமையானது. அதன் மினாரா சுமார் 36 மீட்டர் உயரமுடையது. சுவான்சோ துறைமுகத்துப் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல், அதாவது கி.பி. 1009 அளவில், கட்டப்பட்டது.

அந்நியர் நடுவே வந்துவிட்டோம் என்று வருந்துபவர் ஒன்றைக் கேட்டால் மகிழ்வர். நாம் அதானைப் "பாங்கு" என்கிறோம் அன்றோ? அது பாரசீகச் சொல். சீன முஸ்லிம்களும் அதே சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்குகின்றனர்! லுஹருக்கு அவர்கள் வழங்கும் பெயர் பாரசீகப் "பேஷீன்" என்பதன் திரிபு. அவர்களின் இமாமுக்கு "ஆஹுன்" என்று பெயர். சீனத்து முஸ்லிமான கடற்படைத் தலைவர் ஜெங் ஹே, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு ஒன்றை இலங்கையின் காலியில் நாட்டினார். அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆதலால் இந்த உறவு நேற்று வந்ததன்று.

அங்குள்ள பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவை. அஸர் ஜமாஅத் சற்றுத் தாமதமாக நடைபெறும். ஸுப்ஹில் குனூத் இராது. ஷாஃபிஈகள் இதைக் கண்டு ஜமாஅத்தை விட்டு ஒதுங்கலாகாது.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். கூட்டு வணக்கம் பதிவு பெற்ற இடங்களிலோ, அரசு அனுமதித்த இடங்களிலோதான் நடைபெறலாம். வெளிநாட்டார் சீனக் குடிமக்களிடையே மதப் பிரசாரம் செய்யக் கூடாது. சிஞ்சியாங் பகுதி முஸ்லிம்கள் மீதான கடுமையான நடவடிக்கைகளை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை விவரித்துள்ளது. ஆர்வ மிகுதியால் நாம் கொடுக்கும் ஒரு நூல், நம்மைவிட அதைப் பெற்றுக் கொண்ட உள்ளூர்ச் சகோதரரையே இன்னலில் ஆழ்த்தக்கூடும். நாம் ஊர் திரும்பிவிடலாம். அவர் அங்கேயே வாழ வேண்டியவர். பள்ளிவாசலில் ஸலாம் சொல்வோம், அருகில் நின்று தொழுவோம், நன்னடத்தையால் அறிமுகமாவோம். அருகில் பள்ளிவாசலே இல்லாத ஊராயின், வெள்ளிக்கிழமை லுஹர் நான்கு ரக்அத்தை வீட்டாரோடு ஜமாஅத்தாகத் தொழுது கொள்வதே முறை.

அண்டை வீட்டார்

பண்டிகை நாட்களில் அண்டை வீட்டார் அன்போடு பலகாரம் கொண்டுவருவர். இலையுதிர்காலத்து நிலாப் பணியாரத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. முகம் சுளித்துத் திருப்பி அனுப்புவது அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதாகாது. இரு கைகளாலும் வாங்கி நன்றி கூறி, பன்றி தொடர்பானவற்றை உண்பதில்லை என்று பணிவோடு சொல்லிவிட்டால் போதும். "வோ பூ ச்சர் ஜூ ரோ" என்பது அதற்கான வாசகம். மறுவாரம் நம் வீட்டு நெய்ச்சோற்றை ஒரு தட்டில் அனுப்பி வைப்போம். அடுத்த ஆண்டு அவர்களே பழக்கூடை கொண்டுவரக்கூடும்.

பிள்ளைகள்

இதுகாறும் கூறியவை பெரியோர் சமாளித்துக் கொள்ளக்கூடியவை. பிள்ளைகளின் நிலை வேறு. ஊரில் மாலையானால் தெருக்கோடி மதரஸாவில் ஓதல் நடக்கும்; பாட்டி ஸூராக்களை மனனம் செய்விப்பார். சீனத்தில் இவ்விரண்டும் இல்லை. கல்வியிலிருந்து மதத்தைப் பிரித்து வைத்திருப்பதும், சிறுவரின் மார்க்கக் கல்விக்குப் பல இடங்களில் கட்டுப்பாடு இருப்பதும் நாம் அறிந்தவையே. ஆறு வயதில் அங்கே சென்ற குழந்தை பத்து வயதில் திரும்பும்போது, அந்த நான்கு ஆண்டுகளைத் திருப்பித் தருபவர் யார்? தந்தை விட்ட தொழுகைக்குக் களா உண்டு. பிள்ளையின் கைநழுவிய பருவத்துக்குக் களா இல்லை.

எனவே வீடே மதரஸா ஆக வேண்டும். நாள்தோறும் மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் போதும். தந்தை முன்நிற்க எல்லோரும் ஜமாஅத்தாகத் தொழுது, பின் தாய் ஓதிக் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்து மதிய உணவில் என்ன கலந்திருக்கும் என்று அறியாதவரை வீட்டுச் சோற்றையே கட்டிக் கொடுக்க வேண்டும். ஏன் என்பதையும் பிள்ளைக்கு விளக்க வேண்டும். காரணம் அறிந்த பிள்ளை கூச்சமின்றி மறுக்கும். அறியாத பிள்ளை ஒளித்து உண்ணும்.

தாயால் இது முடியுமா என்று ஐயுறுவோருக்குச் சீன முஸ்லிம் பெண்களே விடையளிக்கின்றனர். ஹெனான் மாகாணத்தில் பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல்கள் நெடுங்காலமாக உள்ளன. பெண் ஆஹுன்கள் அங்கே பெண்களுக்கு ஓதவும் ஒழுகவும் கற்றுக் கொடுத்து வந்துள்ளனர். பாங்கு தெருவில் ஒலிக்காத தேசத்தில், தலைமுறை தலைமுறையாக ஈமானைக் காத்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சகோதர சகோதரிகளே! புதிய ஊரில் பாத்திரம் பண்டம் வாங்கி, காவல் நிலையத்தில் பெயர் பதிந்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அன்றே நாம் பிரயாணி அல்லர். தொழுகையும் நோன்பும் ஹலாலும் அன்று முதலே முழுமையாக நம் பொறுப்பில் வந்துவிடுகின்றன. வீடு எந்தத் தேசத்தில் அமைந்தாலும் அங்கே நம்மையும் நம் சந்ததியினரையும் தொழுகையை நிலைநாட்டுவோராக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.