நிறைமாதத்தில் வெளிநாட்டு விமானப் பயணம்: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

டோம்பிவிலியில் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்களில் பலர், மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னர் இங்குக் குடிபெயர்ந்தவர்கள். அவர்களுடைய மக்களும் மருமக்களும் இன்று துபாய், மஸ்கட், சிங்கப்பூர், இலண்டன் எனப் பல ஊர்களில் பணிபுரிகின்றனர். ஆகவே, வளைகாப்பு நடந்த வீடுகளில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு: “பிரசவத்திற்குமுன் ஒருமுறை விமானத்தில் போய்வரலாமா?” கணவர் அங்கிருந்து அழைக்கிறார், மாமியார் எட்டாம் மாதத்தில் வேண்டாம் என்கிறார், பயண முகவரோ இடம் இருக்கிறது என்கிறார். மூவருமே அக்கறையோடுதான் பேசுகின்றனர். ஆயினும் முடிவெடுக்கத் தேவையான செய்திகள் மூவரிடமும் முழுமையாக இருப்பதில்லை. அச்செய்திகளை ஒழுங்குபடுத்தித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானில் பிறந்த மூன்று குழந்தைகள்

2017ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், சவூதி அரேபியாவின் தம்மாம் நகரிலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், கருவுற்றிருந்த பயணி ஒருவருக்கு மாதம் நிறையுமுன்னரே வலி கண்டது. விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. ஆனால் தரையிறங்குமுன்பே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. உடன் பயணம் செய்த செவிலியர் ஒருவரும் விமானப் பணியாளர்களும் பேறு பார்த்தனர். அக்குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இலவசப் பயணம் என நிறுவனம் அறிவித்தது. இரண்டு ஆண்டு நிறையுமுன், 2019 ஏப்ரலில், அந்நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது.

2021 அக்டோபர் 5ஆம் நாள், இலண்டனிலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில் கேரளத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் குழந்தை பெற்றார். அப்போது அவருக்கு 29ஆவது வாரம். விமானத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்தது நற்பேறு. குறைமாதக் குழந்தைக்கு உடனடிச் சிகிச்சை வேண்டியிருந்ததால் விமானம் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகருக்குத் திருப்பப்பட்டது. 2025 ஜூலை 24ஆம் நாள், மஸ்கட்டிலிருந்து மும்பைக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்திலும் தாய்லாந்து நாட்டுப் பெண் ஒருவருக்கு வழியிலேயே குழந்தை பிறந்தது. அங்கும் உதவிக்கு ஒரு செவிலியர் பயணிகளிடையே இருந்தார்.

மூன்று நிகழ்வுகளிலும் உதவக் கற்றவர் ஒருவர் தற்செயலாக அருகில் இருந்தார். இதை யாரும் முன்பதிவு செய்துகொள்ள இயலாது. மேலும், 29ஆவது வாரம் என்பது பெரும்பாலான விமான நிறுவனங்கள் தடையின்றியோ மருத்துவச் சான்றிதழின் பேரிலோ ஏற்றிக்கொள்ளும் காலமே ஆகும். எனவே நாம் கற்கும் முதற்பாடம் இது: விமான நிறுவனத்தின் அனுமதி வேறு, நம் பயணத்தின் பாதுகாப்பு வேறு. முன்னதை நிறுவனம் சொல்லும். பின்னதை நம்மைப் பரிசோதித்த மருத்துவர்தாம் சொல்ல முடியும்.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

நம் வீடுகளில் கருப்பக் காலத்தை மாதத்தால் எண்ணுகிறோம். மருத்துவர்களும் விமான நிறுவனங்களும் வாரத்தால் எண்ணுகின்றனர். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள்கள், அதாவது 40 வாரங்கள், என்பது அவர்கள் கணக்கு. “எட்டாம் மாதம்” என்று ஒரு வீட்டில் சொல்வது 29ஆவது வாரமாகவும் இருக்கலாம், 34ஆவது வாரமாகவும் இருக்கலாம். இந்த மயக்கத்தால் விமான நிலையம்வரை சென்று திரும்ப நேரிடும்.

ஒற்றைக் கரு உடைய, சிக்கல் ஏதும் இல்லாத பெண்கள் 36 வாரம்வரை அவ்வப்போது விமானத்தில் செல்வது பொதுவாகப் பாதுகாப்பானது என அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி கூறுகிறது. இரட்டைக் கருவாயின் 32 வாரத்திற்குமேல் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. 28 முதல் 32 வாரத்திற்குள் ஏதேனும் ஒரு கட்டத்திலிருந்து விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்றிதழ் கேட்கத் தொடங்கும். எந்த வாரம், சான்றிதழ் எத்தனை நாளுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பவை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறும். பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே அந்நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுவது நன்று.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு பெண்ணின் கடைசி மாதவிலக்கு, சாதாரண ஆண்டொன்றின் ஜனவரி 1ஆம் நாள் தொடங்கியது எனக் கொள்வோம். அவருக்கு:

28 வாரம் நிறைவது ஜூலை 16.
32 வாரம் நிறைவது ஆகஸ்ட் 13.
36 வாரம் நிறைவது செப்டம்பர் 10.
பேறு எதிர்பார்க்கும் நாள் அக்டோபர் 8.

இவர் டோம்பிவிலியில் மாமனார் வீட்டில் இருக்கிறார். கணவருக்குத் துபாயில் பணி. ஆகஸ்ட் 10இல் சென்று, ஒரு மாதம் கணவருடன் இருந்துவிட்டு, செப்டம்பர் 12இல் திரும்பிப் பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்வது திட்டம். போகும் நாளில் அவருக்கு 31 வாரமும் 4 நாளும். சான்றிதழுடன் எளிதில் போய்விடலாம். திரும்பும் நாளில் 36 வாரமும் 2 நாளும் ஆகிவிடும். எல்லையைக் கடந்தவரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விளைவு, திட்டமிடாத ஊரில், திட்டமிடாத மருத்துவமனையில் பேறு. போகும் நாளை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் இவ்விடத்தில்தான் இடர்ப்படுகின்றனர். ஆகவே இரண்டாம் பாடம்: திரும்பும் நாளின் வாரத்தை முதலில் எண்ணுக.

உடலுக்கு நேர்வது என்ன?

விமானத்திற்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமீது இருப்பதற்கு ஒப்பானது. அங்கு உயிர்வளி சற்றுக் குறையும். கருவிலுள்ள குழந்தையின் இரத்தம் உயிர்வளியை இறுகப் பற்றும் இயல்புடையது. ஆதலால் நலமான தாயின் குழந்தைக்கு இதனால் தீங்கு வருவதில்லை. தாய்க்குக் கடுமையான இரத்தசோகை இருந்தால் நிலைமை வேறு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களில் 52.2 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே பயணத்திற்குமுன் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது வெறும் சடங்கு அன்று.

மற்றோர் இடர் கால் நரம்புகளில் இரத்தம் உறைதல். கருப்பமே இவ்வாய்ப்பை உயர்த்துகிறது. நெடுநேரம் அசையாது அமர்ந்திருப்பது மேலும் உயர்த்துகிறது. மும்பையிலிருந்து துபாய் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். நியூயார்க்கிற்கு நேர் விமானத்தில் சென்றாலும் அதைப்போல் ஐந்து மடங்கு ஆகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது.

இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், நஞ்சு கருப்பை வாயை மூடியிருத்தல், முன்னர்க் குறைமாதப் பேறு நிகழ்ந்திருத்தல், இரத்தம் உறைந்த வரலாறு, கடும் இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின், வாரம் எதுவாயினும் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அந்தச் சொல்லே இறுதியானது. சான்றிதழ் மட்டும் வேண்டி வேறொரு மருத்துவரை நாடுதல் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

குழந்தை அங்கேயே பிறந்துவிட்டால்

37 வாரத்திற்கு முன் பிறப்பது குறைமாதப் பேறு. 34 வாரத்திற்கும் முன் பிறந்தால் நுரையீரல் முழுதும் முதிர்ந்திராது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள், சில வேளை பல வாரம், தங்க வேண்டிவரும். வெளிநாட்டில் இதன் கட்டணம் நாள்கணக்கில் ஏறும். இங்குதான் பல குடும்பங்களின் சேமிப்பு கரைகிறது.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணுவோர் பலர். வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் கருப்பம், பேறு, பிறந்த குழந்தையின் சிகிச்சை ஆகியவற்றை விலக்குகின்றன. சில காப்பீடுகள் குறிப்பிட்ட வாரம்வரை எதிர்பாராச் சிக்கலுக்கு மட்டும் ஈடு தருகின்றன. காப்பீட்டு ஆவணத்தில் “விலக்குகள்” என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஐயமிருப்பின் நிறுவனத்திடம் எழுத்தில் விடை பெறுங்கள்.

அடுத்தது ஆவணங்கள். பிறந்த குழந்தை கடவுச்சீட்டு இன்றி நாடு திரும்ப இயலாது. இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். அமெரிக்காவைப் பொறுத்தவரை, குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை பெறுவதே முதன்மை நோக்கமெனத் தூதரக அலுவலர் கருதினால் சுற்றுலா விசா மறுக்கப்படும் என 2020 ஜனவரியில் விதி செய்யப்பட்டது. வருகையாளர் விசாவில் செல்பவர் இவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

வங்கிக் கணக்கில் செய்ய வேண்டியவை

மருத்துவர் இசைந்து, பயணம் உறுதியானால், புறப்படுமுன் பின்வருவனவற்றை முடித்துவிடுமாறு வேண்டுகிறோம்.

1. பற்று அட்டையிலும் கடன் அட்டையிலும் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி வாடிக்கையாளரே அதைத் திறக்க வேண்டும். வரம்பையும் தாமே வைத்துக்கொள்ளலாம்.

2. கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணில் ரோமிங் வசதி இருக்கட்டும். ஒருமுறைக் கடவெண் வராவிட்டால் கையில் பணமிருந்தும் பயனில்லை.

3. அவசரத்திற்கான தொகையை ஒரே வைப்பாக வைக்காமல், மூன்று நான்கு வைப்புகளாகப் பிரித்து வையுங்கள். தேவைப்படும்போது ஒன்றை மட்டும் முறித்தால் போதும். வைப்பின் பேரில் கடன் பெறும் வழியும் உண்டு.

4. இங்குள்ள உறவினர் பணம் அனுப்ப நேர்ந்தால், தாராளமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். யார் அனுப்புவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அவருடைய நிரந்தரக் கணக்கு எண் முதலிய விவரங்கள் கிளையில் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள்.

5. கணக்குகளில் நியமனதாரர் பெயர் உள்ளதா எனச் சரிபாருங்கள்.

பயணத்தின்போது

டோம்பிவிலியிலிருந்து சகார் விமான நிலையத்திற்குச் செல்வதே ஒரு பயணம். நிறைமாதத்தில் நெரிசல் மிகுந்த மின்தொடர் வண்டியில் மூட்டையுடன் ஏறுதல் தகாது. வாடகைக் காரில் செல்வோர் கல்யாண்–ஷில் சாலை நெரிசலுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குக. விமானத்தில் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். இருக்கைப் பட்டையை வயிற்றின்மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின்மீது படியுமாறு கட்டுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். அமர்ந்திருக்கையிலும் கணுக்காலை அசையுங்கள். தண்ணீர் அடிக்கடி அருந்துங்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் அழுத்தக் காலுறை அணியுங்கள். தாய்–சேய் பாதுகாப்பு அட்டை, அண்மைய ஸ்கேன் அறிக்கை, இரத்தப் பிரிவு, மருந்துச்சீட்டு ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

முடிவு யாருடையது?

மேற்கண்ட எடுத்துக்காட்டுக் குடும்பத்திற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஜூலை முதல் வாரத்திலேயே சென்று ஆகஸ்ட் தொடக்கத்தில் திரும்புதல். திரும்பும்போது 32 வாரம் நிறைந்திராது. இரண்டாவது, கணவர் தம் விடுப்பைச் சேர்த்து வைத்துப் பேறுகாலத்தில் இங்கு வருதல். மூன்றாவது, அங்கேயே பேறு என்று முழுமையாக முடிவு செய்து, உரிய விசா, அந்நாட்டுக் காப்பீடு, மருத்துவமனைப் பதிவு ஆகியவற்றுடன் முன்கூட்டியே குடிபெயர்தல். ஆகஸ்டில் போய்ச் செப்டம்பரில் வருவது என்னும் அரைகுறைத் திட்டமே இவற்றுள் அதிக இடரும் அதிகச் செலவும் உடையது.

குழந்தை இங்குப் பிறந்தால் 21 நாள்களுக்குள் மாநகராட்சியில் பிறப்பைப் பதிந்து, அச்சான்றிதழைக் கொண்டு கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து, தாயும் சேயும் தேறியபின் இனிதே பயணம் செய்யலாம். சில வாரப் பிரிவு பெரிது என்பதை நாம் அறிவோம். தனியாக வயிற்றுப் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணின் ஏக்கத்தைப் பிடிவாதம் என்று எவரும் ஒதுக்கிவிடக் கூடாது. அவர் விருப்பத்தைக் கேட்டு, மருத்துவரின் சொல்லைக் கேட்டு, நாள்காட்டியையும் காப்பீட்டு ஆவணத்தையும் விரித்து வைத்து, குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள். பணம் தொடர்பான ஐயங்களுக்கு எமது கிளை அலுவலர்கள் என்றும் உதவக் காத்திருக்கின்றனர். உடல் தொடர்பான ஐயத்தை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.