புதுமனையில் காய்கனித் தோட்டம்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பூமியில் பெரும்பகுதி முன்னர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததாகும். 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் இவ்வயல்கள் படிப்படியாக வீட்டு மனைகளாயின. தாழ்ந்த வயலை மனையாக்குங்கால் வெளியிடத்து மண்ணைக் கொட்டி மேடாக்குவது வழக்கம். புதுவீடு புகுவோர் அம்மண்ணிலேயே உடனே கன்றுகளை வாங்கி நட்டுவிடுகின்றனர். அவற்றுள் பல ஐப்பசி மழையில் வேரழுகி மடிகின்றன. எஞ்சியவை சித்திரை வெயிலில் வாடுகின்றன. கன்று விற்றவரைக் குறை கூறுவதால் பயனில்லை. மண்ணைத் திருத்திய பின்னரே விதையிடுதல் வேண்டும்.

மண்ணின் குறைகள்

கொட்டிய மண் பெரும்பாலும் ஆழத்திலிருந்து வெட்டியெடுத்ததாகலின் அதில் மக்கு குறைவு. வண்டிகள் ஏறியிறங்கியதால் அது இறுகியும் இருக்கும். கட்டடவேலையிற் சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் களர்த்தன்மையுறச் செய்கின்றன. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருப்பினும் வேருக்குக் கிட்டாது. இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாயிருக்க மற்றப் பகுதி மஞ்சளித்துப் போவது இதற்கு அடையாளம்.

வடிகாலை அறிய ஒன்றரை அடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புக. மறுநாளும் நீர் தேங்கி நின்றால், மேட்டுப்பாத்தி இன்றியமையாதது. மனையின் பல இடங்களிலிருந்தும் மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் நன்று.

திருத்தும் முறை

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், வீடு போக ஒரு சென்ட் தோட்டத்துக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். பங்குனி, சித்திரையில் செங்கல், சிமெண்டுக் கட்டிகளைப் பொறுக்கி அகற்றி, ஓரடி ஆழம் கொத்திவிட வேண்டும். வைகாசி முதல் வாரத்தில் 200 கிராம் தக்கைப்பூண்டு விதையைத் தூவி நீர் பாய்ச்சுக. இப்பயிர் களரையும் நீர்த்தேக்கத்தையும் தாங்க வல்லது. 45 நாளில், பூக்குந் தறுவாயில், அதனை மடக்கி மண்ணிற் புதைத்தால் ஆடி பிறக்குமுன் மக்கிவிடும். பின்னர் 100 கிலோ தொழுவுரம் இட்டு, மூன்றடி அகலமும் ஓரடி உயரமுமான பாத்திகளை அமைத்து, இடையே வாய்க்கால் விடுக. தொழுவுரம் அரிதாயின், முறையான அனுமதி பெற்று எடுத்த ஏரி வண்டலும் உதவும்.

பயிர்கள்

ஆடிப் பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை ஆகியவற்றையும், தைப் பட்டத்தில் பாகல், புடல், பீர்க்கு முதலிய கொடிகளையும் பயிரிடலாம். இப்பகுதியில் ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் தூவும் கீரை விதை அடித்துச் செல்லப்படுமாதலால், மழை ஓய்ந்த மார்கழியில் தூவுக.

மரங்களைத் தோட்டத்தின் வட ஓரத்தில் வைத்தால் பாத்திகளுக்கு வெயில் மறையாது. பப்பாளிக்கு ஒரு நாள் நீர் தேங்கினாலும் தண்டு அழுகும்; ஆகவே அதனை மேட்டில் நடுக. ஆண் மரம் காய்க்காது. இடம் குறுகியோர் ஆண் மரமே தோன்றாத கோ.7 வகையைத் தேர்வது அனுகூலம். 1989-ல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வெளிவந்த பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதையிட்ட ஆறு மாத அளவிற் காய்க்கத் தொடங்கும். வாழையைக் குளியலறை நீர் வழியும் இடத்தில் வைக்கலாம். பக்கக்கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை அறுத்துவிட வேண்டும்.

நிலவுடையோரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டுவது

வயலை மனையாக்க முற்படும் நிலவுடையோர், மண் கொட்டுமுன் மேலுள்ள அரையடி வளமண்ணைச் சுரண்டி ஒருபுறம் குவித்து வைத்தல் வேண்டும். பல தலைமுறை எருவிட்டுச் சேர்ந்த அம்மண் புதைந்துபோயின், மீண்டும் அதனைப் பெறுதல் அரிது. நிரப்பும் மண் ஏரி வரத்துக்கால்களையும் வடிகால்களையும் அடைத்துவிடாதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கால் அடைபடின் அத்தெரு முழுவதன் தோட்டங்களிலும் கார்த்திகையில் நீர் நிற்கும்.